பச்சை விளக்கும் மொட்டை டயரும்

வால்பாறையில் விடியற்காலையிலிருந்தே மழை. நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் வேன் தானாகவே இறங்கிவிடும். ஆனாலும் உள்ளே ஓட்டுநர் என்று ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த ஒருவர் எஸ்தர்.

ஏறுவதற்கு முன் வழக்கம்போல முன்டயரின் பள்ளத்தில் கட்டைவிரல் நகத்தை விட்டுப் பார்த்தாள். நகம் இறங்கவே இல்லை.

“டயர் மொட்டையாயிருச்சு. மாத்தாம நான் ஏறமாட்டேன்.”

“இன்னும் எட்டாயிரம் கிலோமீட்டர் ஓடும்,” என்றது வேன். திரையில் பச்சை விளக்கு எரிந்தது.

“அது சமதரையில ஓடுற வண்டிக்குப் போட்ட கணக்கு. இது மலை!”

உள்ளே பொள்ளாச்சி மில்லுக்கு வேலைக்குப் போகும் பதினோரு பெண்கள். “ஏறு எஸ்தரு, லேட்டானா உள்ள விடமாட்டாங்க,” என்றாள் பாக்கியம்.

“நீங்க உசிரோட போய்ச் சேரணும்ல, அக்கா?”

“பத்து நிமிடத்தில் மாற்று ஓட்டுநர் வருவார்,” என்றது வேன்.

எஸ்தர் மழையிலேயே குத்தவைத்து உட்கார்ந்தாள். அந்த டயரின் வால்வு மூடியைத் திருகிக் கழற்றி, சாவி முனையால் உள்ளே அழுத்தினாள். காற்று சீறிக்கொண்டு வெளியேற, வேன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பச்சை விளக்கு சிவப்பானது.

“எச்சரிக்கை! முன்டயர் பயணத்துக்குத் தகுதியற்றது. உடனே மாற்றவும்.”

எஸ்தர் எழுந்து பானெட்டில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

“அதத்தானே இவ்வளவு நேரமா கத்திக்கிட்டிருக்கேன்!”