பன்னிரண்டாம் குரல்

மார்ச்சு மாதம் ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. மேகமூட்டம், மெல்லிய கடற்காற்று. புதிய நட்பை நாடுவோருக்கான நடைக் குழுவில் அன்று நாங்கள் பதினொருவர் இருந்தோம். இருவர் இருவராக நடத்தல் வேண்டும் என்பது விதி. சலவைக்கடையில் பணிபுரியும் என்னுடன் சேர எவரும் முன்வராமையால், நான் கடற்கரை முழுவதும் தனியாகவே நடந்தேன்.

கரையோரக் காட்டைக் கடந்து நாங்கள் வந்த வேனை அடைந்ததும், வழிகாட்டி எங்களை வரிசையாக எண் சொல்லப் பணித்தார். கடைசியாக நான், "பதினொன்று" என்றேன். என் இடப்பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல், "பன்னிரண்டு" என்றது. அங்கு எவரும் இலர். மும்முறை எண்ணினோம், மும்முறையும் அக்குரல் ஒலித்தது.

"அக்கா, விளையாடாதீங்க. பதினொரு பேர்தான் வந்தோம்," என்றார் வழிகாட்டி.

"துணைக்கு ஆள் கிடைக்கலன்னா இப்படியா?" என்று குழுவில் இருந்த ரொட்டிக்கடைக்காரர் ஒருவர் சிரித்தார்.

"என்கூட யாரு நடக்குறாங்கன்னு நீங்க ஒருத்தராவது திரும்பிப் பாத்தீங்களா? என் ஜோடி ஏறாம நான் ஏற மாட்டேன்," என்றேன் நான்.

நான் வேனின் படியிலேயே அமர்ந்துவிட்டேன். நெடுநேரம் கழித்து வழிகாட்டி கதவை அகலத் திறந்தார். சன்னலோர இருக்கையை விட்டுக்கொடுத்து, நான் அதன் அருகில் அமர்ந்தேன். அவ்விருக்கையின் மெத்தை மெதுவாக அமிழ்ந்தது. சன்னல் கண்ணாடியில் மூச்சு படிந்தது. வேன் புறப்பட்டது. அப்போது மாலை ஐந்து மணி நாற்பத்திரண்டு நிமிடம்.