பெரிய கார்டுக்கு ஒரு பவர் சப்ளை

இதை எனக்குச் சொன்னவர் ஒரு கணினிக் கடைக்காரரின் மனைவி. சென்ற மழைக்காலத்தில், என் கணினி பழுது பார்க்கப்படும் வரை அவர்கள் கடையில் உட்கார்ந்திருந்தபோது கேட்டது. அதே தெருவில் பின்னர் வேறு இருவரிடமும் இதைக் கேட்டேன். அவர்கள் சொல்லும் முடிவு வேறு.

"இதுதான் நீங்க கொடுத்த பவர் சப்ளையோட லட்சணமா?"

கடைக்குள் நுழையும்போதே ஒரு பெண் கேட்ட கேள்வி இது. அவள் பின்னால், கணினிப் பெட்டியை இரு கைகளாலும் அணைத்துக்கொண்டு அவளுடைய மாமனார் வந்தார்.

கட்டடம் எழும்பும் முன்பே அது எப்படி இருக்கும் என்று படம் செய்து கொடுப்பது அவள் தொழில். அதற்காக விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கியிருந்தாள். அது இழுக்கும் மின்சாரத்தை, கணினிக்கு மின்சாரம் தரும் பழைய பவர் சப்ளை தாங்காது என்பதால், முந்தைய வாரம் இருவரும் இதே கடைக்கு வந்தார்கள்.

அன்று தேர்ந்தெடுத்தவர் மாமனார். ஓய்வு பெற்ற வயர்மேன். கார்டுக்கு எவ்வளவு, பிராசஸருக்கு எவ்வளவு, விசிறிகளுக்கு எவ்வளவு என்று கேட்டுக் கூட்டினார். கார்டு திடீரென்று அதிகமாக இழுத்தாலும் தாங்க வேண்டும் என்று மேலும் கொஞ்சம் சேர்த்து, ஆயிரம் வாட்டில் வந்து நின்றார். அதே ஆயிரம் வாட்டில் மலிவான சப்ளை ஒன்றும் இருந்தது. இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்து, இலேசானதைத் திருப்பி வைத்துவிட்டார்.

"இதுல ஸ்டிக்கர் மட்டும்தான் ஆயிரம் வாட்" என்றார்.

கடைக்காரர் சிரித்துவிட்டாராம். அவர் தாமே மாட்டித் தருவதாகச் சொன்னதை மட்டும் மாமனார் ஏற்கவில்லை. ஊரிலுள்ள வீடுகளுக்கெல்லாம் வயர் இழுத்தவனுக்கு இந்தப் பெட்டி எம்மாத்திரம் என்று எடுத்துப் போனார்.

மாட்டி முடித்துச் சுவிட்சைப் போட்டதும் கருகிய வாடை. படங்கள் இருந்த டிஸ்க் செத்துவிட்டது. பெரும்பாலானவற்றுக்கு நகல் இருந்தது. கடைசியாகச் செய்த வேலைக்கு இல்லை.

இதையெல்லாம்தான் அவள் கடை முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள். பொருள் வாங்க வந்திருந்த ஒருவர், கையிலிருந்ததை மேஜையில் வைத்துவிட்டு மெல்ல நழுவினார். பில் போடும் இடத்திலிருந்த கடைக்காரர் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறக்கப் போனவரைக் கணவர் கண்ணாலேயே அடக்கினார்.

மாமனார் தரையைப் பார்த்தபடி நின்றார்.

கடைக்காரர் பெட்டியை உள்மேஜைக்குக் கொண்டுபோய், பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிச் சற்று நேரம் பார்த்தார். பிறகு திரும்பி வந்தார்.

"சப்ளைதாங்க கோளாறு. எப்பவாவது ஒண்ணு இப்படி வந்துடும். சோதிச்சுக் கொடுத்திருக்கணும். என் தப்புதான்."

மாமனார் நிமிர்ந்தார். "அப்ப, நான் போட்ட வயரிங்ல..."

"அதுல யாரு குத்தம் சொல்ல முடியும், ஐயா? பிசிறு இல்லாம கட்டியிருக்கீங்க."

வேறு சப்ளையையும் புதிய டிஸ்க்கையும் தாமே மாட்டி, ஓட்டிக் காட்டினார். மருமகள் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. இனியாவது பொருளைப் பார்த்துக் கொடுங்கள் என்று முணுமுணுத்தாள். மாமனார்தான் அவளைச் சமாதானப்படுத்தினார்.

"விடும்மா. மனுஷன் தப்பை ஒத்துக்கிட்டார்ல?"

வந்தபோது இருந்த கூன் போகும்போது அவர் முதுகில் இல்லை.

அவர்கள் படியிறங்கியதும் மனைவி கொட்டித் தீர்த்தார். இத்தனை பேர் முன்னால் மானம் போயிற்று, நாளைக்கு இந்தத் தெரு முழுக்க இதுதான் பேச்சாக இருக்கும், நீங்கள் என்னவென்றால் தலையாட்டிக்கொண்டு நிற்கிறீர்கள் என்றார்.

கணவர் உள்மேஜையிலிருந்து ஒரு வயர்க் கட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். அது பழைய சப்ளையோடு வந்த வயர். புதிய சப்ளையிலும் அதன் பிளக் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் உள்ளே கம்பிகளின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும்; தவறான கம்பியில் மின்சாரம் பாய்ந்தால் டிஸ்க் கருகிவிடும். நல்ல வயரை எறிய மனம் வராமல், மாமனார் அதை இருந்தபடியே விட்டுவிட்டுச் சப்ளையை மட்டும் மாற்றியிருந்தார்.

"ஏங்க, இதை அந்தப் பொண்ணுகிட்ட சொல்லியிருந்தா அந்த வாய் அடங்கியிருக்குமே?"

"எனக்குச் சொன்னதே அந்தப் பொண்ணுதான்."

மனைவி அவரைப் பார்த்தார்.

"காலையிலேயே போன் பண்ணிச்சு. 'அண்ணா, புது வயரெல்லாம் உறை பிரிக்காம அப்படியே கிடக்கு. மாமாவுக்குத் தெரியாம உள்ள பாத்துட்டேன், பழைய வயர்தான் இருக்கு. அத்தை தவறிப் போனதிலேருந்து சுவத்தைப் பாத்து உட்கார்ந்திருந்தவர், இப்பத்தான் ஸ்குரூடிரைவரைக் கையில எடுத்தார். டிஸ்க்குக்குப் பணம் அனுப்பிட்டேன். நான் வந்து உங்களைத்தான் திட்டுவேன், மனசுல வெச்சுக்காதீங்க'ன்னு."

எனக்குச் சொன்னவர் இத்துடன் நிறுத்திக்கொண்டார்.

தெருவில் ஒருவர் சொல்வதில் இந்தப் போன் பேச்சே கிடையாது. அவள் கடைசிவரை வாயாடியாகவே நிற்கிறாள். இன்னொருவர் அதைச் சேர்த்துக்கொண்டு, கதையை மறுநாளுக்கும் நீட்டுகிறார். அவர் சொல்வதில், மாமனார் தனியாகக் கடைக்கு வந்து, அந்தப் பழைய வயரைக் கேட்டு வாங்கி, அங்கேயே வெட்டிக் குப்பைக் கூடையில் போடுகிறார்.

"நான் வந்தேன்னு மருமககிட்ட சொல்லிடாதீங்க தம்பி. சத்தம் போட்டுப் பழக்கமே இல்லாத பொண்ணு. நேத்துலேருந்து தொண்டை கட்டிக் கிடக்கு."