ஊருக்கெல்லாம் தாய்மாமன்

“இந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன வேணும்?”

எல்லைச் சாவடியின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து சீருடைப் பெண்மணி கேட்டாள்.

“தங்கச்சி மக, மேடம். நான் தாய்மாமன்” என்றான் அவன், பக்கத்தில் தலைகுனிந்து நின்ற பெண்ணைக் காட்டி.

அதில் ஒன்றும் புதிதில்லை. இந்தப் பாலத்தைத் தாண்டி அவன் கூட்டிப்போன பெண்கள் எல்லாருக்குமே அவன்தான் தாய்மாமன். அவர்களுடைய தாய்மார்கள் எல்லாரும் அவன் வாயாலேயே காலமாகியிருந்தார்கள். அம்மா உண்டென்றால், சாவடிக்காரர்கள் ‘ஒரு போன் போட்டுக் குடுங்க’ என்பார்கள். இல்லையென்றால், ‘ஐயோ பாவம்’ என்று முத்திரை குத்தி அனுப்பிவிடுவார்கள். தொழில் சுத்தம்!

பாலத்துக்கு அந்தப் பக்கம் வேன் காத்திருந்தது. அதில் வந்தவர்களிடம் பெண்ணை விற்றுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான் பாக்கி. அவளுக்கு வேலை தருவதாகச் சொன்ன ஜவுளிக்கடையை மட்டும் இன்னும் யாரும் கட்டவில்லை, கட்டப்போவதுமில்லை.

வழக்கமான தூங்குமூஞ்சி ஆள் இன்று சாவடியில் இல்லாததுதான் அவனுக்குச் சிறு உறுத்தல்.

“நான் சரக்கு லாரிப் பக்கம் பாக்கிறவ, சார். இன்னிக்கு ஆள் இல்லைன்னு இங்க உக்கார வச்சுட்டாங்க. ஏடாகூடமா ஏதாவது கேட்டா தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணோட அம்மா வரலையா?”

உறுத்தல் பறந்துபோயிற்று.

“அவ போய்ச் சேந்துட்டா, மேடம்.”

“அடப்பாவமே! எப்படி?”

“மாரடைப்பு. என் மடியிலதான் உயிர் போச்சு. ‘அண்ணே, இவளை எப்படியாவது கரையேத்திடு’ன்னா. அதோட பேச்சு நின்னுடுச்சு.”

பெண் விசும்பத் தொடங்கினாள். சொல்லிக்கொடுக்காமலே என்ன நடிப்பு! அவனுக்குப் பூரித்துப்போயிற்று.

“தங்கச்சி நல்ல மாதிரியா, சார்?”

“வாய்தான் கொஞ்சம் நீளம். மத்தபடி தங்கம்.”

“ஓஹோ. காரியமெல்லாம் யார் செஞ்சது?”

“நான்தான். ஒரு குறை வைக்கல.”

“புண்ணியவான் சார் நீங்க. இந்தக் காலத்துல யாரு செய்வா?” என்றபடி அவள் மேஜைக்கு அடியில் இருந்த மணியை அழுத்தினாள்.

இரண்டு போலீஸ்காரர்கள் வந்து அவனுக்கு இருபுறமும் நின்றார்கள். பெட்டி தூக்கத்தான் வந்திருக்கிறார்களாக்கும் என்று அவன் பெட்டியை நீட்டினான். அவர்கள் பெட்டியை விட்டுவிட்டுக் கையைப் பிடித்தார்கள்.

“மேடம், என்ன அநியாயம் இது! வேணும்னா பொண்ணையே கேட்டுப் பாருங்க!”

“அவளை வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கிறேன். காலேஜ் டூர்னு சொல்லிட்டுக் கிளம்பின கழுதை.” தடுப்பைத் தாண்டி வந்து, பெண்ணை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள் அவள். “உங்களுக்குத்தான் சார் நன்றி சொல்லணும். எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறதும், அவர் மடியில நான் செத்துப்போனதும் எனக்கே இன்னிக்குத்தான் தெரியுது.”