வயசாகிற படங்கள்

சட்டம் போட்டு மாட்டின படத்துக்கு வருஷா வருஷம் வயசாகுதுன்னா யார் நம்புவாங்க? அக்கா நம்பினாள். நம்பினதோட பயந்தும் போனாள்.

படத்தில் இருக்கிறவன் அவளுடைய தங்கச்சி மகன். பத்தொன்பது வயசில் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போனவன். பத்து வருஷமாகத் தகவல் இல்லை. தேடாத ஊர் இல்லை, எழுதிக் கொடுக்காத போலீஸ் ஸ்டேஷன் இல்லை.

காணாமல் போனவங்க இப்போ எப்படி இருப்பாங்கன்னு கம்ப்யூட்டரில் வயசு ஏற்றிக் காட்ட முடியும்னு யாரோ தங்கச்சிக்குச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து மகனுடைய பிறந்த நாள் வந்தால் போதும், அவனுடைய பழைய பாஸ்போர்ட் சைஸ் படத்தை எடுத்துக்கொண்டு கடைத்தெரு ஸ்டுடியோவுக்குப் போய்விடுவாள். ஒரு வயசு கூட்டிக் கொடுங்க என்பாள். ஸ்டுடியோக்காரரும் கூட்டிக் கொடுப்பார்.

முதல் வருஷம் மீசை தடித்தது. அடுத்த வருஷம் தாடை அகலமானது. அதுவரைக்கும் சரி. மூணாவது வருஷப் படத்தில் இடது புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு இருந்தது.

"என் பிள்ளைக்கு இது கிடையாதே" என்றாள் தங்கச்சி.

ஸ்டுடியோக்காரர் கழுத்தைச் சொறிந்தார். "இருக்கட்டும்மா" என்றார். 

நாலாவது வருஷம் அதே இடத்தில் அதே தழும்பு, கொஞ்சம் மங்கி. அஞ்சாவதில் வெறும் வெள்ளைக் கோடு. நிஜக் காயம் எப்படி ஆறுமோ அப்படியே ஆறிக்கொண்டு வந்தது.

தங்கச்சி எல்லாப் படத்தையும் கூடத்துச் சுவரில் வரிசையாக மாட்டினாள். போகப் போகப் பேசவும் ஆரம்பித்தாள். ஏன் இப்படி இளைச்சுட்டே, சரியாத் தூங்கறதில்லையா என்று கேட்பாள். கேட்டுவிட்டு, பதில் வருகிற நேரம் வரைக்கும் சும்மா நிற்பாள். அக்கா அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்காரவே மாட்டாள். பிடரியில் யாரோ மூச்சு விடுகிற மாதிரி இருக்கும்.

போன வருஷப் படத்தில் காதோரம் நரை. இருபத்தெட்டு வயசில்.  செத்தவங்களுக்கு வயசாகாது. அப்படின்னா இது என்ன?

தங்கச்சி வீட்டுக்காரர் சரியான உம்மணாமூஞ்சி. இத்தனை வருஷத்தில் அந்தச் சுவர்ப் பக்கம் ஒரு தடவை திரும்பியிருப்பாரா, சந்தேகம். பெத்த மனம் பித்துன்னு சொல்லுவாங்க, இந்த மனுஷனுக்கு அதுவும் கல்லு என்று அக்கா அவர் காதுபடவே சொல்லியிருக்கிறாள். பொண்டாட்டிக்குப் புத்தி பேதலிச்சுடும், இதை நிறுத்துங்க என்று கெஞ்சியும் பார்த்தாள். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மாட்டிட்டுப் போகட்டும்" என்றார்.

சரி, இவரை நம்பிப் பிரயோஜனமில்லை. இந்த வருஷம் பிறந்த நாளுக்கு முந்தின நாளே அக்கா ஸ்டுடியோவுக்குக் கிளம்பினாள். அந்தக் கிறுக்குப்பிடித்த படத்தை இனிமேல் போடாதேன்னு நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரணும்.

நல்ல வெயில். கடை திறந்திருந்தது, முன்பக்கம் ஆளில்லை. படம் எடுக்கிற உள்ளறையிலிருந்து மட்டும் ஒரு குரல், தூக்கத்தில் பேசுகிற மாதிரி.

"நெத்தி இன்னும் ஏறியிருக்கு. கொஞ்சம் ஏத்து. போதும். கன்னம் உள்ளே போகணும். இன்னும்."

அக்கா திரையை விரல் நுனியால் விலக்கினாள். வெள்ளைத் துணிக்கு முன்னால் முக்காலியில் ஒரு ஆள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன் முகத்திலேயே விரலால் கோடு இழுத்து இழுத்துச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல, ஸ்டுடியோக்காரருடைய கம்ப்யூட்டரில் பையனுடைய கன்னம் ஒட்டிக்கொண்டே போனது.

அந்த ஆள் தங்கச்சி வீட்டுக்காரர்.

அக்கா திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். "என்ன தம்பி மந்திரம் இது?"

அவர் கண்ணைத் திறந்தார். திருடன் மாதிரி விழித்தார். அப்புறம் மெல்ல ஒவ்வொன்றாகச் சொன்னார். பையன் ஓடிப்போன ஊரில் ஒரு அடிதடி. இவன் தள்ளின ஆள் தலை அடிபட்டுச் செத்துப்போனான். இவனுக்கு ஜெயில். அடுத்த வருஷம்தான் இவர் வேலை செய்கிற பட்டறைக்குக் கடிதம் வந்தது. அம்மா காதுக்குப் போனால், நீங்க பார்க்க வந்தாலும் எழுந்து வரமாட்டேன் என்று எழுதியிருந்தான். அதிலிருந்து, வேலை விஷயமா வெளியூர் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்து வருகிறார்.

"போனை ஜெயில் கேட்டிலேயே வாங்கி வெச்சுக்கறாங்க. படம் எடுக்க விடமாட்டாங்க. வலைக்கு அந்தப் பக்கம் இருபது நிமிஷம் நிப்பான். நான் பேசறதே கிடையாது அக்கா. முகத்தை மட்டும் பார்த்துட்டு, மறக்கறதுக்குள்ள இங்கே வந்துடுவேன்."

அக்கா அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.  அப்புறம் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"சொல்லாம இருந்தது சரி. அதுக்காகத் தழும்பும் நரையும் ஒட்டின கன்னமுமா போட்டுக் கொடுப்பீங்க? ராசா மாதிரி ஒரு படம் போட்டுக் கொடுத்தா அவ சந்தோஷமா பார்த்துட்டு இருந்திருப்பாளே."

அவர் கம்ப்யூட்டரில் இருந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இன்னும் ரெண்டு மாசத்தில விடறாங்க அக்கா. அவன் வந்து கதவைத் தட்டறப்போ, பெத்தவ அவனைப் பார்த்து 'யாரு வேணும்?'னு கேட்டுடக் கூடாது."