நர்சம்மாவின் சத்தியம்

இருபத்தெட்டு வருஷம் குருவிநத்தம் ஊருக்கே ஊசி போட்ட நர்ஸ் இளவரசி, வேலையை விட்டுவிட்டு எம்.எல்.ஏ. தேர்தலில் நின்றாள். எதிரில் நின்றவரோ மூன்று தடவை ஜெயித்த கரும்புத் தோட்டக்காரர் சிங்காரவேலு.

குருவிநத்தத்தில் கடைசி நாள் பிரசாரம். ஜீப்பில் நின்று கும்பிட்டாள். ஒரு கைதட்டல் இல்லை. டெபாசிட் போச்சு என்றே நினைத்தாள். மைக்கைப் பிடித்ததும் அழுகை முட்டியது.

“தோத்தாலும் உங்கள வுட்டுப் போவ மாட்டேன். மறுநாளே ஊசியும் மருந்துமா வூடு வூடா வந்துடுவேன். இது சத்தியம்!”

முன்வரிசையில் ஊர்ப் பெரியவர் பச்சையப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ‘என்மேல இவ்ளோ பாசமா!’ என்று நெகிழ்ந்துபோனாள் இளவரசி.

ஓட்டு எண்ணி முடித்தபோது இளவரசி ஜெயித்திருந்தாள்; அந்த ஊரில் சிங்காரவேலுவுக்கு விழுந்திருந்தது மூன்றே ஓட்டு.

மாலையோடு வந்த பச்சையப்பனிடம், “எல்லாம் என் கைராசிதாண்ணே!” என்றாள் பூரிப்பாக.

“ஆமாம்மா. பொங்கலப்போ காய்ச்சலுக்கு நீ போட்ட ஊசி, இன்னும் ஒருக்களிச்சுதான் படுக்குறேன். உன்னத் தோக்க வுட்டுடுவோமா? அந்த மூணு பேரு யாருன்னுதான் ஊரே தேடிக்கினு கீது!”