இன்னும் கொஞ்சம் கிட்ட

"இன்னும் கொஞ்சம் கிட்ட நில்லுங்கோ," என்றாள் றொசானா.

கைபேசித் திரையில் அவள் கணவன் றெனோல்ட் அரை அடி நகர்ந்தான். பக்கத்தில் நின்ற பெண் அதே அரை அடி மற்றப் பக்கம் நகர்ந்தாள்.

அவர்களுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் கூடாரம். அதற்கும் பின்னால் கடல். இரண்டு பக்கமும் ஆளுயரக் கள்ளிகள். மெக்சிக்கோவில் பாலைவனம் நேரே கடலுக்குள் இறங்குகிற கரை அது. கார்த்திகை மாதத்திலும் அங்கே வெயில் கொட்டியது.

இங்கே ஜான்-டலோன் சந்தையில், மரக்கறிக் கடையின் பின்பக்கம், றொசானா ஒரு முள்ளங்கிப் பெட்டியின் மேல் குந்தியிருந்தாள். கையுறையைக் கழற்றிய விரல்கள் விறைத்துப்போயிருந்தன. மதியச் சாப்பாட்டு நேரம். கொண்டுவந்த பாணை அவள் பிரிக்கவேயில்லை.

எல்லாம் ஆட்களைக் களவாக எல்லை கடத்திவிடுகிற ஏஜென்சிக்காரனின் யோசனை. வெளிநாட்டுச் சோடிகள் பழைய வான் வண்டிகளில் அந்தக் கரையோரமாக ஓடி, பிடித்த இடத்தில் இறங்கி, மணலில் கூடாரம் அடித்துப் படுத்து, எழும்பி, மறுபடியும் ஓடுவார்களாம். அதற்கென்றே லீவு எடுத்துக்கொண்டு வருவார்களாம். அவர்களோடு அவர்களாக இவர்களும் புதுமணச் சோடிபோல வடக்கே ஏறிவிட்டால் எல்லை கிட்ட. மிச்சத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தான்.

றெனோல்டோடு சோடி சேர்க்கப்பட்டவள் பெயர் சாருஜா. யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அவளைக் கட்டினவனும் றொசானா இருக்கிற நாட்டில்தான், ரொறன்ரோவில் காத்திருக்கிறான். இரவில் கூடாரத்தை அவளுக்கு விட்டுவிட்டு, றெனோல்ட் வான் வண்டிக்குப் பக்கத்தில் துவாயை விரித்துப் படுத்தான். கேட்காமலே றொசானாவிடம் அதைச் சொல்லியும் வைத்தான்.

வழியில் ஒரு இராணுவச் சோதனைச் சாவடி இருந்தது. அங்கே கடவுச்சீட்டைவிடக் கைபேசியைத்தான் வாங்கிப் பார்ப்பார்களாம். தேனிலவுக்கு வந்தவர்களின் கைபேசியில் தேனிலவு இருக்கவேண்டும். முன்னர் போன ஒரு சோடியின் படங்களைப் பார்த்த சிப்பாய்கள் சிரித்துவிட்டு, இருவரையும் தனித்தனி அறையில் இருத்தி விசாரித்தார்கள். இப்போது இருவரும் கொழும்பில்.

றெனோல்டும் கொழும்புக்குத் திரும்பினால் அவ்வளவுதான். முறைப்படி கூப்பிடுகிற வழி ஏற்கெனவே அடைபட்டுவிட்டது. கட்டி நாலு வருஷம். சேர்ந்து இருந்தது ஒரே ஒரு மாதம். இந்த வழியும் போனால் அவனைத் திரையில் பார்த்தே கிழவியாகிவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும்.

இதுவரை வந்த படங்கள் ஒன்றும் தேறாது. ஒன்றில் இருவருக்கும் நடுவே ஒரு கள்ளி நின்றது. இன்னொன்றில் கூடாரமே நின்றது. கடற்கரை மணலில் இந்த மனுஷன் நீளக்கைச் சேட்டைக் காற்சட்டைக்குள் விட்டு, கைப்பொத்தானையும் பூட்டிக்கொண்டு, ஞாயிறு பூசைக்குப் புறப்பட்டவன் மாதிரி நிற்கிறான். சாருஜா கைப்பையை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துப் பிடித்திருக்கிறாள். பார்க்கிறவன் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள் என்றுதான் நினைப்பான்.

ஏஜென்சிக்காரன் அனுப்பிய வான் சாரதி ஹோர்ன் அடித்தான். புறப்படவேண்டும். அடுத்த நிறுத்தம் சாவடிதான்.

"சேட்டை வெளியிலை இழுத்து விடுங்கோ. அவவின்ரை தோளிலை கையைப் போடுங்கோ."

றெனோல்ட் சேட்டை இழுத்துவிட்டான். கை மட்டும் எழும்பவில்லை.

"போடுங்கோவன். எனக்கு உயிர் போற மாதிரிக் கிடக்கு."

"என்னெண்டப்பா போடுறது," என்றான் அவன், மணலைப் பார்த்தபடி. "நீர் பாத்துக்கொண்டு இருக்கேக்கை."

றொசானாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஊரில் பெண்சாதிமார் புருஷனை இன்னொருத்தியிடமிருந்து பிரிக்க நேர்த்தி வைப்பார்கள். இவள் ஒட்டவைக்கக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

கைபேசியைப் பக்கத்துப் பெட்டியின் மேல் குப்புற வைத்தாள்.

"நான் பாக்கேல்லை. எடுங்கோ."

முன்னாலிருந்து முதலாளி பிரெஞ்சில் அவளைக் கூப்பிட்டார். அவள் எழும்பவில்லை. கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டாள். கைபேசிக்குள் அலைச்சத்தம் கேட்டது. படம் எடுக்க இறங்கிவந்த சாரதி ஏதோ பகிடி விட்டான். சாருஜா சிரித்தாள். பிறகு றெனோல்டும் சிரித்தான். அவன் அப்படி வாய்விட்டுச் சிரித்து அவள் கேட்டதில்லை. இணைப்பு அறுந்தது.

கொஞ்ச நேரத்தில் படம் வந்தது.

றெனோல்டின் கை சாருஜாவின் தோளைச் சுற்றிக் கிடந்தது. அவள் தலை அவன் நெஞ்சில் சாய்ந்திருந்தது. காற்று அவள் முகத்தில் இறைத்த கூந்தலை அவன் மற்றக் கையால் ஒதுக்கிக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் கமராவைப் பார்க்கவேயில்லை.

எந்தச் சிப்பாயும் நம்புவான்.

'நல்லா இருக்கு. இதைக் காட்டுங்கோ' என்று எழுதி அனுப்பினாள். பிறகு அந்தக் கையையும் தோளையும் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

மன்னார்க் கோயிலில் எடுத்த அவர்களுடைய கலியாணப் படங்களையும் ஒருவர் இப்படித்தான் உற்றுப் பார்த்தார். விசாவுக்கு நேர்காணல் செய்த அதிகாரி. புருஷனும் பெண்சாதியும் ஏன் எல்லாப் படத்திலும் இவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள் என்று அவர் கேட்டபோது, றெனோல்ட் உள்ளதைச் சொன்னான்.

"பெரியாக்கள் பாத்துக்கொண்டு நிண்டவை, சேர்."

இது உண்மையான கலியாணம் இல்லை என்று எழுதி, விசாவை மறுத்துவிட்டார்கள்.