நோயில்லாதவரின் ரத்தம்

திரையில் ஒரு சிறுமியின் முதுகு. தோல் உரிந்து, சீழ் கோத்த கொப்புளங்கள்.

அதைப் பார்த்தபடியே துறைத்தலைவர் கிரீம் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்து நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஆய்வாளருக்குக் குமட்டியது. அந்த முதுகை அவள் மூன்று ஆண்டுகளாகப் பார்க்கிறாள். குமட்டியது பிஸ்கட்டைப் பார்த்து.

சிறுமி வந்து போனால் கதவுக் கைப்பிடியைத் துடைக்கச் சொல்லுகிற மனிதர். கிட்டப் போனாலே நாற்றம் என்று ஒருமுறை வாய் கூசாமல் சொன்னார், தாயின் காதில் விழும்படியே. தாய் மகளின் சட்டைக் காலரை மேலே இழுத்துவிட்டாள்.

இந்த நோய் வந்த அத்தனை பேருக்கும் ஒரே மரபணுவில், ஒரே இடத்தில், ஒரே பிழை. அதை ஆய்வாளர் கண்டுபிடித்துவிட்டாள். அந்தப் பிழையின் வேகத்தை அடக்கும் மருந்து, வேறொரு நோய்க்காக ஏற்கெனவே கடையில் கிடைக்கிறது. தலைவர் ஒரு கையெழுத்துப் போட்டால் சிறுமிக்குக் கொடுத்துப் பார்க்கலாம்.

"நோயில்லாத ஒருத்தர் ரத்தத்துலயும் இதே பிழை இருக்கேம்மா. அப்போ இது காரணமே இல்ல. தூக்கிப் போடு" என்றார் தலைவர்.

சுற்றி இருந்தவர்கள் ஆமாம் சாமி போட்டார்கள்.

விதி அப்படித்தான். ஒப்பிட்டுப் பார்க்க ரத்தம் கொடுத்த ஆரோக்கியமானவர்களில் ஒருவருக்கு இருந்தாலும் அந்தப் பிழையைக் கழித்துவிட வேண்டும். ரத்தக் குழாய்களில் எண் மட்டும்தான் இருக்கும். யாருடையது என்பது ஊசி குத்தியவளுக்கு மட்டுமே தெரியும். வெளியே சொன்னால் வேலை போய்விடும்.

குத்தியவள் இவள்தான். ரத்தம் கொடுக்க ஆள் குறைந்த அன்று விருந்தினர்கள் முன்னால் மார்தட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்த அந்த எண்ணுக்குரிய ஆள், முழங்கையில் வேண்டாம், புறங்கையிலேயே எடு என்றார். சட்டைக்கையை ஒரு விரல் அளவுகூட ஏற்றவிடவில்லை. பெரிய மனிதரின் பிகு என்று அப்போது நினைத்துக்கொண்டாள்.

அறை வெந்துகொண்டிருந்தது. எல்லோரும் சட்டைக்கையைச் சுருட்டிவிட்டிருந்தார்கள், ஒருவரைத் தவிர.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். சிலருக்கு நன்றாகவே தெரிகிறது. தெரிந்துகொண்டே ஒரு குழந்தையைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறார்கள். சீ, என்ன பிறவி இது.

வேலை போனால் போகட்டும் என்று எழுந்தாள்.

"சார், அந்த ரத்தம் உங்களோடது. கைப் பித்தானைக் கொஞ்சம் கழட்டுங்க."

பிஸ்கட் உடைந்து தேநீருக்குள் விழுந்தது.

தலைவர் பித்தானைத் தொடவில்லை. அவர் கை மெல்ல உயர்ந்து, சட்டைக் காலரை மேலே இழுத்துவிட்டது.